துடைப்பத்தை ஓரமா வையுங்க... செல்போனை எடுங்க!

காலை ஆறு மணி. பால் பாக்கெட் எடுக்க வாசல் கதவைத் திறக்கிறீர்கள். விளக்குக்குக் கீழே, சுவரில் காய்ந்த சருகு மாதிரி ஏதோ ஒன்று. உற்றுப் பார்த்தால்... அந்துப்பூச்சி!

‘ஐயய்யோ, அதோட பொடி கண்ணுல பட்டா பார்வையே போயிடும்!’ என்று உள்ளேயிருந்து ஒரு குரல். உங்கள் கை தானாகவே துடைப்பத்தையோ பூச்சி மருந்து ஸ்ப்ரேயையோ தேடுகிறது.

கொஞ்சம் பொறுங்க! அந்தப் பொடி வேறொன்றுமில்லை, இறக்கையை மூடியிருக்கும் நுண்ணிய செதில்கள்தான். கண்ணில் பட்டால் உறுத்தலாம், பார்வை பறிபோகாது. வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால், பூச்சியைவிட ஸ்ப்ரேதான் அதிகத் தொந்தரவு. அதுவுமில்லாமல், நீங்கள் ஆசையாய்க் கட்டும் பட்டுச்சேலைக்கு நூல் தருவதும் ஒரு வகை அந்துப்பூச்சியின் புழுதானே!

இந்தியாவில் மட்டும் 10,000 வகைகளுக்கு மேல் இருக்கின்றன. இரவில் பறப்பவைதான் அதிகம். விடிந்ததும் அசையாமல் உட்கார்ந்துவிடும். போட்டோவுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா?

எப்படி எடுப்பது?

* ஃப்ளாஷ் வேண்டாம். காலை வெளிச்சமே போதும்.

* போனை இறக்கைக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் பாதி தெளிவாகவும் பாதி மங்கலாகவும் விழும்.

* ரொம்பக் கிட்டே போனால் போனின் நிழல் விழும். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். முழங்கையைச் சுவரில் ஊன்றி, ஒரு நொடி மூச்சை அடக்கி... க்ளிக்!

* மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. உணர்கொம்பை விட்டுவிடாதீர்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி குண்டாக இருக்கும். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும்.

தோட்டத்தில் அரளி, நந்தியாவட்டை இருந்தால் இலைகளுக்கு நடுவிலும் தேடுங்கள். அவற்றைத் தின்று வளரும் பெரிய பச்சை அந்துப்பூச்சி, இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒன்றே ஒன்று... கையால் தொடாதீர்கள். கம்பளிப்பூச்சியின் ரோமம் பட்டு அரித்தால் தேய்க்கவே கூடாது. செல்லோ டேப்பை ஒட்டி ரோமத்தை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.

படுக்கப் போகும்முன் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூச்சிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி, பல்லிக்கு இரையாகிவிடும்.

ஒரு வாரம் செய்து பாருங்கள். பூச்சியைக் கண்டு அலறிய உங்கள் குழந்தை, ‘இன்னிக்கு யாரு வந்திருக்கா?’ என்று உங்களுக்கு முன்னால் ஓடிப்போய் கதவைத் திறக்கும்!