கணவரை இழந்த பெண்ணுக்குச் சேர வேண்டிய பணம்

பெங்களூர் பீனியா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். குடும்பத் தலைவர் திடீரென்று காலமானால், மனைவி அடகுக் கடைக்கு ஓடுமுன் அவருடைய சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

அதில் பி.எப். பிடித்திருந்தால் மூன்று பணம் உண்டு. ஒன்று, பி.எப். சேமிப்பு, இதற்குப் பாரம் 20. இரண்டு, 1976-ம் ஆண்டுத் திட்டப்படி இன்சூரன்ஸ், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய், பாரம் 5-ஐ.எப். மூன்று, விதவை பென்ஷன், பாரம் 10-டி. வேலையில் இருக்கும்போதே இறந்தவர் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. குறைந்தது மாதம் 1,000 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியே கிடைக்கும்.

சேமிப்பை வாங்கியதோடு நின்றுவிடக் கூடாது. மற்ற இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

பாங்குப் பாஸ் புத்தகத்தையும் புரட்டுங்கள். ஜீவன் ஜோதி திட்டத்துக்கு ஆண்டுச் சந்தா 436 ரூபாய் பிடித்திருந்தால், 2 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸ் இருக்கலாம்.

தமிழருக்குப் பெரிய தொல்லை இனிஷியல். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகவும் பி.எப். கணக்கில் ஓரெழுத்தாகவும் இருந்தால் மனு நின்றுபோகும். கணவர் உயிரோடு இருக்கும்போதே பெயரைத் திருத்தி, மனைவியை நாமினியாகப் பதிவு செய்வது நல்லது.