முன்பணம் எவ்வளவு?

"எவ்வளவு கட்டுகிறீர்கள்?" என்று கேட்டது ஒரு கட்டடம். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டது இன்னொரு கட்டடம். ஒரே இரவில், ஒரே நெஞ்சுவலிக்கு, இரண்டு கேள்விகளையும் கேட்டு வந்தார் நம் தோழர் ஒருவர்.

ஊரைச் சொல்லவில்லை, மருத்துவமனைகளின் பெயரையும் சொல்லவில்லை. சொன்னால் அந்த இரண்டு கட்டடங்களின் மீது மட்டும் பழி போய்விடும். மண்டியில் முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்து தோள் காய்த்தவர் அவர். மாலையில் படிப்பகத்துக்கு வந்தால் ஏட்டின் கடைசி வரியைப் பார்க்காமல் எழுந்திருக்கமாட்டார். நாம் அவரை அண்ணன் என்போம். அவர் நம்மைத் தம்பி என்பார்.

இரவு பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மகன் ஆட்டோவில் ஏற்றினான். அருகில் இருந்தது தனியார் மருத்துவமனை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. குளிர்ந்த காற்று வீசிற்று. "வாங்க சார், படுங்க சார்" என்றார்கள். இ.சி.ஜி. எடுத்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் ஒரு மாத்திரையை வாயில் போட்டு மெல்லச் சொன்னார். அந்த நன்மையை நாம் மறைக்கமாட்டோம். "மாரடைப்புதான், உடனே சேர்க்க வேண்டும், ஒரு லட்சம் முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள்" என்று மகனைப் பணம் கட்டும் சன்னலுக்கு அனுப்பினார்கள்.

ஒரு லட்சம்! மாதம் பதினைந்தாயிரம் வாங்குகிற பிள்ளை அவன். காப்பீட்டு அட்டையை நீட்டினான். "அந்தத் திட்டத்தில் நாங்கள் இல்லை சார்." மறுப்பதிலும் ஒரு சார்! மருமகள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். நடு இரவில் எந்த அடகுக் கடை திறந்திருக்கும்? இப்படியே நாற்பது நிமிடம் கழிந்தது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால், அடைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். சன்னலில் கணக்குப் பார்த்த நேரமெல்லாம் அண்ணனின் நெஞ்சுக்குள் அதுதான் நடந்தது.

அவசரத்தில் வந்தவனுக்கு முதலில் சிகிச்சை, மற்றவை பிறகு. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் அதுவே கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு அந்தச் சன்னல் வரை வந்து சேரவில்லை போலும்!

நாம் போய்ச் சேர்ந்ததும் 108-ஐ அழைத்தோம். அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே குளிர்ந்த காற்று இல்லை. கூட்டம், மருந்து நெடி, தாழ்வாரம் முழுதும் பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர். ஆனால் வாசலில் யாரும் பணம் என்ற சொல்லை எடுக்கவில்லை. தூக்கம் காணாத கண்களோடு ஒரு மருத்துவர் குனிந்து, "எங்கே வலிக்கிறது?" என்றார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உடனே போடப்பட்டது. மறுநாள் குழாய்க்குள் படம் எடுத்து, அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். கட்டணம் ஒரு காசு இல்லை. ஆறாம் நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

இத்தோடு முடித்தால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அண்ணன் நம்மிடம் சொன்னது வேறு.

"உயிரைக் கொடுத்தாங்க தம்பி. மரியாதையை மட்டும் கொடுக்கல."

சக்கர நாற்காலி தள்ளியவருக்கு நூறு ரூபாய் கைமாறியிருக்கிறது. "ஏய் பெருசு, தள்ளிப் படு" என்று ஒரு குரல். என்ன நோய் என்று கேட்ட மகனுக்கு, "சொன்னா புரியுமா உனக்கு?" என்று இன்னொரு குரல். ஐம்பத்தெட்டு வயதுவரை அவரைச் 'சார்' என்று அழைத்தவர்கள் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் மட்டும்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆட்டை விற்று, மாட்டை விற்று, வட்டிக்கு வாங்கி அங்கே ஓடுகிறானே ஏழை, அவனைப் பார்த்து "விவரம் தெரியாதவன்" என்று சிரிக்கலாமா?

சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பெயரில் குற்றமில்லை, அந்த மனப்பான்மைதான் தமிழ்நாடு முழுதும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்தாயா, வாங்கிக்கொள், வாய் திறக்காதே! தோழர்களே, இது கஞ்சியா? சோப்புக் கட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோமே, அந்தப் பணம் அல்லவா அந்த ஸ்டென்ட்? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றியது. தரகரை விலக்கி, மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துப் போகிற ஏற்பாடு இது. மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறதே, அதை இலவசம் என்று படிக்கிறோம். உரிமை என்று படிக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று. 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். மீது குண்டு பாய்ந்தபோது, ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டு ஓடினார்கள். பிறகு பொது மருத்துவமனைக்கு. எம்.ஆர்.ராதாவுக்கும் அரசு மருத்துவமனையில்தான் சிகிச்சை. இன்று? எந்தக் கொடியானாலும் சரி, காரில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணாடிக் கதவுதான் திறக்கிறது. மேடையில் அரசு மருத்துவமனையைப் புகழ்கிறோம். தலைவலி வந்தால் தனியாரைத் தேடுகிறோம். நாம் என்று சொன்னது நம்மையும் சேர்த்துத்தான்! அதிகாரம் உள்ளவன் படுக்காத கட்டிலின் அருகே 'ஏய் பெருசு' என்ற குரல் எப்படி மாறும்?

ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார், எத்தனை இரவு விழிக்கிறார் என்பதும் நமக்குத் தெரியும். ஆள் போடவேண்டியது அரசு. அதைக் கேட்கவேண்டியவர்கள் நாம். கேட்பதை விட்டுவிட்டு நூறு ரூபாயைச் சுருட்டிக் கையில் திணித்துவிட்டு வந்தோம். நாம் கொடுத்த நூறு, அடுத்து வருகிறவனிடம் கட்டாயமாகிவிடுகிறது. 104 என்ற எண் இருக்கிறது, அழைத்துச் சொல்லலாம். அன்று நமக்கும் அது தோன்றவில்லை.

மாதந்தோறும் அண்ணன் அங்கேதான் மாத்திரை வாங்குகிறார். காலை ஏழரைக்கே வரிசையில் நிற்கிறார். அடுத்த முறை நாமும் உடன் போகிறோம். சக்கர நாற்காலி தள்ளுகிற அந்தத் தோழரிடம் கொஞ்சம் பேசவேண்டும். விசாரித்தோம், அவர் ஒப்பந்தக் கூலி, இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம்.