கையெழுத்துப் போடத் தயங்கும் கை

மகளிர் சங்கத்தில் லீடர் என்பவர் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர். பத்துப் பதினைந்து பேரின் சேமிப்பும் கடனும் அந்தக் கையெழுத்தில்தான் நகரும். ஓர் உறுப்பினர் தவணை கட்டத் தவறினால் வங்கியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஊரில் பேச்சு வாங்குகிறவரும் அவரே. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில், தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் நகரி, குப்பம், சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களானாலும் சரி, புதிதாகச் சங்கம் கூடும் வேறெந்த ஊரானாலும் சரி, “எனக்கு வேண்டாம்மா, அந்த அக்காவைப் போடுங்க” என்று விலகுவோர் இருப்பது இயல்பு.

விலகுகிறவருக்குத் திறமை போதாது என்று முடிவுகட்டுவது எளிது. ஸூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு காரணத்தைக் காட்டுகிறது. அதில் பங்கேற்றவர்கள் நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். லாபமும் வரலாம், நட்டமும் வரலாம் என்ற ஒரு வாய்ப்பு ஒவ்வொருவர் முன்னும் வைக்கப்பட்டது. தானே முடிவெடுக்கலாம், அல்லது குழுவின் முடிவுக்கு விட்டுவிடலாம். சில சுற்றுகளில் விளைவு அவரை மட்டும் சேரும். மற்ற சுற்றுகளில் நால்வரையும் சேரும். பிறர் பணமும் சேர்ந்திருக்கிறது என்றதும் பெரும்பாலோர் முடிவைக் குழுவின் பக்கம் தள்ளுவது கூடியது. துணிச்சலோ நட்ட பயமோ இதை விளக்கவில்லை. தன் பணம் என்றால் ஓரளவு நிச்சயம் போதும் என்றிருந்தவர், பிறர் பணம் என்றதும் கூடுதல் நிச்சயம் கேட்டார், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் இதைப் பொறுப்புத் தவிர்ப்பு என்றார்கள். பிறர் பணம் என்றதும் நிச்சயத்துக்கான எதிர்பார்ப்பு அதிகம் உயராதவர்களே தலைமைத் தகுதி அளவீடுகளில் முன்னே நின்றார்கள். ராணுவச் சேவையில் எட்டிய பதவியும் அந்த அளவீடுகளில் ஒன்று.

இந்தத் தயக்கம் பிறவிக் குணமா, பழகப் பழக மாறுமா? ஸூரிக் ஆய்வில் இதற்கு விடை இல்லை. ஆந்திரக் கிராமங்களில் ஒரு தடயம் இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களையும் தலைவர் பதவிகளையும் பெண்களுக்கு ஒதுக்கியது. ஆந்திரா பின்னர் அதைப் பாதியாக்கியது. ஓர் ஊரின் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டால், அதுவரை பஞ்சாயத்து அலுவலகப் படியேறாத ஒருவர்கூட சர்பஞ்ச் (பஞ்சாயத்துத் தலைவர்) ஆகிவிடலாம். ஃபர்ஸானா அஃப்ரிதி, வேகார்ட் ஐவர்சன், எம்.ஆர். ஷரண் ஆகிய மூவரும் அங்கே நூறு நாள் வேலைத் திட்டம் எப்படி நடந்தது என்று ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது சமூகத் தணிக்கை. அதில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை வீடு வீடாகச் சென்று சரிபார்த்து, முடிவை ஊர்க் கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார்கள்.

முதலில் தெரிந்தது கசப்பான செய்தி: பெண்களுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் குறைபாடுகளும் பணக் கசிவும் அதிகம். அனுபவமின்மையும், அதைப் பயன்படுத்திக்கொண்ட அதிகாரிகளின் பிடியும் காரணம். ஆனால் அடுத்தடுத்த தணிக்கை அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பதவியில் நாள் ஏற ஏற நிர்வாகம் சீரடைந்தது தெரிந்தது. இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் முதல் பாதியையும், ஆதரிப்பவர்கள் பின்பாதியையும் மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், கற்றுக்கொள்ள ஆகும் காலத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும் அது நிரந்தரமல்ல என்பதும் விளங்கும்.

அந்த விலையைக் குறைக்க வழி உண்டா? தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வகுத்துச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவத்துக்கு அவர் முதலிடம் கொடுத்தார். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது அடுத்தது. வாய்ச்சொல் ஊக்கத்துக்கு வலு குறைவு.

பிரிவதற்கு முன் ஒன்றாயிருந்த சித்தூர் மாவட்டத்தின் சங்கங்களில், தானே செய்வது, பிறர் செய்வதைப் பார்ப்பது ஆகிய இரண்டுக்கும் இடமிருந்தது. 2000-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ‘வெலுகு’ திட்டத்தின் முதல் ஆறு மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. சங்கங்கள் சேர்ந்து கிராம ஐக்கிய சங்கம், அதன் மேல் மண்டல சமாக்யா (கூட்டமைப்பு), அதற்கும் மேல் ஜில்லா சமாக்யா என்று படிகள் அமைந்தன. பத்துப் பேரின் பணத்தைப் பார்த்துப் பழகியவரே நூறு பேரின் பணத்துக்குப் பொறுப்பேற்பார். சி.ஆர்.பி. (சமூக வள நபர்) என்று அழைக்கப்பட்ட, தாமே வறுமையிலிருந்து மீண்ட பெண்கள், வெளியூர்களில் பதினைந்து நாள்போல் தங்கிச் சங்கம் நடத்தும் முறையைச் செய்து காட்டினார்கள்.

கூட்டம் நடக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பாயில் வட்டமாக உட்காருவார்கள். பணம் நடுவில் எண்ணப்படும். யார் கட்டினார், யார் பாக்கி என்பது புத்தகத்தில் ஏறியதும் சத்தமாக வாசிக்கப்படும். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஸூரிக் ஆய்வில் பங்கேற்றவர்கள் தேடிய கூடுதல் நிச்சயம் இங்கே லீடருக்கு வட்டத்திலிருந்தே கிடைக்கிறது. தவறு நேர்ந்தாலும் அது ஒருவர் தலையில் மட்டும் விழுவதில்லை. ஊக்க உரைகளையும் ஒருநாள் பயிற்சி முகாம்களையும்விட இந்த வாசிப்புக்கே தயக்கத்தைக் கரைக்கும் வலிமை அதிகம் என்று கருத இடமிருக்கிறது.

சர்பஞ்ச் பதவியில் இப்படிப் படிப்படியாகப் பழகும் வசதி குறைவு. ஐந்தாண்டில் வேலை பிடிபடும் நேரத்தில் ஒதுக்கீடு சுழற்சியில் வேறு ஊருக்குப் போய்விடலாம். ஒதுக்கீடு இல்லாத பொது இடத்தில் ஆண்களோடு மோதிப் பதவியைத் தக்கவைப்பது கடினம். ஒரு முறை ஒதுக்கினால் போதாது என்பதற்கு மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் சான்று உண்டு. 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, தொடர்ந்து இரண்டு தேர்தல்களில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், வருங்காலம் குறித்துப் பதின்வயதுப் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இருந்த ஆசைகளின் இடைவெளி 32 சதவீதம் சுருங்கியது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது.