சாந்தின்றி அடுக்கும் அத்திவாரச் சுவர்

சாந்தின்றிக் கல்லடுக்கிச் சுவர் எழுப்பலாம் எனின் நம்மவருட் பலர் நகைப்பர். நெடுந்தீவின் வேலிகளைக் கண்டவர் நகையார். அங்கே பவளப்பாறைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, ஒரு பிடி சாந்துமின்றி வளவுகளைச் சூழக் கட்டியுள்ளனர். வன்னியிலும் குளக்கட்டின் அலைகரையிற் பரப்பிய கற்கள் சாந்தின்றியே அலையைத் தாங்குகின்றன. கல்லின் பாரமும், ஒன்றையொன்று கவ்வி நிற்றலுமே அவற்றின் பிடிப்பு. இவ்வழியைச் சீமெந்துக் கல்லுக்கும் ஏற்றி அத்திவாரச் சுவர் கட்டும் முறையை ஈண்டு விளக்குவோம்.

வன்னி மக்கள் இதனை அறிதற்குக் காரணம் உளது. 2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேறியோர் பலர் வெறுநிலத்திலிருந்து வாழ்வைத் தொடங்கினர். 2012இல் ஆரம்பித்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. கட்டுவிக்கும் பொறுப்புப் பெரும்பாலும் வீட்டுக்காரரையே சார்ந்தது. தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு மேசனின் நாட்கூலி பெருஞ்சுமை. சாந்தகப்பை பிடித்துப் பழகாதவரும் கல்லை ஒழுங்காக அடுக்கலாம். ஆதலின், இம்முறையில் வீட்டாரே செய்யத்தக்க பங்கு மிகுதி.

உறுதியான மண் காணும்வரை அத்திவாரம் வெட்டி, அடியிற் கொங்கிறீற்று இடுக. முதல் வரிசையை மட்டும் சாந்திற் பதித்து, நூல்பிடித்து, மட்டம் பார்க்க. இதுவே முழுச் சுவருக்கும் உயிர்நிலை. இங்கு நேரும் சிறு கோணல் மேலே போகப்போகப் பெருகும். அடுத்த வரிசைகளைச் சாந்தின்றி அடுக்குக. கீழ்க்கற்கள் இரண்டின் பொருத்து, மேற்கல்லின் நடுவே வருதல் வேண்டும். கல்லில் ஒட்டிய மணலையும் பிசிரையும் தட்டிவிடுக. ஆடும் கல்லின் கீழ் மெல்லிய தகட்டுத் துண்டு செருகுக. மூன்று வரிசைக்கொருமுறை தூக்குக்குண்டு பிடிக்க. மூலைகளிற் குழிக்கற்களின் துளையிற் கம்பி நிறுத்திக் கொங்கிறீற்று நிரப்புக. வரிசைதோறும் சாந்துக்கு விடும் இடைவெளி இங்கு இல்லாமையால், உயரக் கணக்கை முன்னரே திருத்திக்கொள்ளல் நன்று.

பின்னர்ச் சுவரை நனைத்து, இருபுறமும் நார் கலந்த சீமெந்துப் பூச்சை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்பிற் பூசி, சில நாள் ஈரம் காயாது காக்க வேண்டும்.

இவ்வளவு மெல்லிய பூச்சு எங்ஙனம் சுவரைக் காக்கும்? கூரையின் பாரம் கல்லின்மேற் கல்லாக நேரே நிலத்துக்கு இறங்கும். அதற்குச் சாந்தின் ஒட்டு வேண்டியதில்லை. பக்கத்திலிருந்து தள்ளும் விசையே சுவரை வளைக்கும். வளையும் சுவரின் ஒருபுறம் நெருக்குண்ண, மறுபுறம் இழுபடும். சீமெந்து இழுவையைத் தாங்காது, நார் தாங்கும். ஆகவே வெறும் சீமெந்துப் பூச்சு இதற்கு ஈடன்று. சாதாரணக் கண்ணாடி நாரைச் சீமெந்தின் காரம் அரித்துவிடும். சிர்க்கோனியம் கலந்த நாரே நின்றுபிடிக்கும். அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம் 1970களில் இம்முறையை விளக்கி வெளியிட்டது.

குறையும் உண்டு. கற்கள் சமமாகப் படியாது சில இடங்களில் மட்டும் தொடுதலால், சாந்திட்ட சுவரளவு பாரத்தை இது சுமவாது. ஒருமாடி வீட்டுக்கு மேற்படின் பொறியியலாளரை வினவுக. சுவரின் ஒருபுறம் மட்டும் மண் நிரப்புவதாயின் கூடுதற் கம்பி வேண்டும். பூச்சு இறுகுமுன் மண் நிரப்பலாகாது. மாரியில் வீங்கிக் கோடையில் வெடிக்கும் களிநிலத்தில் எந்தச் சுவரும் பிளக்குமாதலின், அங்கே அடித்தளத்துக்கே முதற்கவனம் தருக. துளைகளின் வாயை மேல்வரிசையிற் கொங்கிறீற்றால் அடையாதுவிடின், அவை கறையானுக்கு வழியாகும். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது தாழ்ந்த ஊர்களிற் புகுந்த வெள்ளத்தை நாம் மறத்தற்கில்லை. வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே தளம் அமைதலும், ஐப்பசி மழைக்கு முன் பூச்சு முற்றுதலும் இன்றியமையாதன.

எம் பழைய மாணவருட் பொறியியலாளரும் தொழினுட்ப உத்தியோகத்தரும் பலர் உளர். அவர்கள் ஒரு விடுமுறை நாளிற் கல்லூரி வளவிற் பத்தடி நீளச் சுவரொன்றை மாணவரைக்கொண்டு எழுப்பிக் காட்டுவாராக. ஒரு மாரி கழிந்தபின் அதனைச் சோதித்து, நின்றதாயின் ஊரவர்க்கும் கற்பிக்கலாம்.