அரிட்டாபட்டி மலையைத் தெரிஞ்சுக்கலாமா?



நாம தினமும் பார்க்கிற அரிட்டாபட்டி மலையை நான் ரொம்ப நாளா வெறும் மொட்டைப் பாறைன்னுதான் நினைச்சேன். அது தப்பு. ஏன்னு சொல்றேன்.

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், மேலூர் வட்டத்தில் ஏழு குன்றுகளாக இம்மலை இருக்கிறது. பாறை தண்ணியைக் குடிக்காது. மழை பெய்தால் தண்ணி வழிந்து கீழே ஓடிவரும். பள்ளத்தில் தங்குவது சுனை. கீழே வருவதை நம் முன்னோர்கள் கரை போட்டுத் தேக்கினார்கள். அதுதான் கண்மாய். ஆனைகொண்டான் கண்மாய் அப்படி வெட்டியதுதான். தண்ணி இருப்பதால் தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் இருக்கு. சுமார் 250 வகைப் பறவைகளும் இருக்கு. வல்லூறும் ராசாளியும் பாறை இடுக்கில் கூடு கட்டும்.

இனி வரலாறு. இங்குள்ள குகையில் சமணத் துறவிகள் தங்கினார்கள். மழைத்தண்ணி உள்ளே போகாமல் இருக்க, குகைக்கு மேலே புருவம் மாதிரி பாறையை வெட்டியிருக்காங்க. அங்கே சுமார் 2200 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்து இருக்கிறது. நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் என்பவர் இக்குகையைக் கொடுத்தார் என்பது அதன் செய்தி. இன்னொரு பக்கம், பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து செய்த சிவன் கோவில் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தீர்த்தங்கரர் சிலைதான். ஆயிரம் வருசத்துக்கு மேல் ஆகியும் அதில் வண்ணம் தெரிகிறது. அதன் கீழே வட்டெழுத்து. சிலையைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவி. அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி ஊராருடையது என்று அதில் வெட்டியிருக்கிறது. ராஜா பேர் இல்லை, படை பேர் இல்லை. காவல் யாரு? ஊர் ஜனங்கதான்!

அந்தக் காவல் இப்பவும் நடக்குது. 2022இல் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதல் இடம் இதுதான். ஆனால் 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் சேர்த்து 2015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு ஏலம் விட்டது தெரிய வந்தது. கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். கம்பு ஊன்றி நடக்கும் எங்க அப்பத்தாகூட கூட்டத்தில் போய் உட்கார்ந்துச்சு. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஊர்வலம் போனார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

தோழர்களே, பெரியவங்க அவங்க வேலையைச் செஞ்சுட்டாங்க. நம்ம வேலை என்ன? மலைக்குப் போனா பாறையில் பேரைக் கிறுக்காதீங்க. சுனையில் பிளாஸ்டிக் போடாதீங்க. 2200 வருச எழுத்துமேல நம்ம பேரு எதுக்கு? பாதிரிக்குடிக்காரங்க மாதிரி நாமும் காவல் இருப்போம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி