குடியை விட நினைப்பவருக்குத் தங்கவயலில் எங்கே வழி?

குடியை நிறுத்த நினைக்கும் ஒருவருக்குக் கோலார் தங்கவயலில் பணத்தைவிடப் பெரிய தடை கூச்சம்தான். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் எங்கும் லைன் வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த ஊர் இது. ஒரு வீட்டுச் சண்டை நாலு வீட்டுக்குக் கேட்கும். யார் குடிக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால், நிறுத்த முயல்வது தெரிந்துவிட்டால், தோற்றுப்போகும் நாளில் கேலி செய்வார்களே என்றுதான் அவர் தயங்குகிறார்.

அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுத்து உருவான அமைப்புதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நம் ஊர்களில் சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் இதைத் தொடங்கினார்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளியோடு இன்னொரு குடிநோயாளி மனம்விட்டுப் பேசினால் அன்றைய குடியைத் தள்ளிப்போட முடிகிறது என்பதே அவர்கள் கண்டது. 1957இல் ஏ.ஏ. இந்தியாவுக்கும் வந்தது.

சேரக் கட்டணம் இல்லை, மருத்துவர் சீட்டும் வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முழுப் பெயரையோ முகவரியையோ யாரும் கேட்பதில்லை. கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் எழுந்து, பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். சம்பளக் கவரைப் பிரித்ததும் கால்கள் எந்தப் பக்கம் போயின, பிள்ளையின் பள்ளிக்கட்டணம் எப்படிக் கரைந்தது என்பதெல்லாம் வரும். குறுக்கே யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். புதிதாக வந்தவர் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வாடகைக்கும் டீ செலவுக்கும் பை சுற்றி வரும். போட்டால் போடலாம், இல்லையென்றால் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். குடிக்காமல் ஓராண்டு முடித்தவருக்குப் ‘பிறந்தநாள்’ கொண்டாடுவதும் உண்டு.

கூட்டம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏ.ஏ. இந்திய அமைப்பின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் விசாரிக்கலாம். கூட்டங்கள் தேவாலயக் கூடத்திலோ பள்ளி அறையிலோதான் வழக்கமாக நடக்கும், ஆகவே பங்குத்தந்தையிடமோ அரசு மருத்துவமனை ஆலோசகரிடமோ கேட்டாலும் வழி கிடைக்கக்கூடும். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புமுன் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தமிழா கன்னடமா, குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமேயான கூட்டமா என்பதையும் கேளுங்கள்.

2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடியபின் ஊரில் பலர், விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். இந்த அலைச்சலில் ஒரு வசதியும் இருக்கிறது. சொந்த ஊரில் முகம் காட்டத் தயங்குபவர், வேலை முடிந்ததும் பெங்களூரிலேயே ஒரு கூட்டத்தில் உட்காரலாம். அங்கே தமிழில் பேசும் குழுக்களும் உண்டு. முதல் கூட்டம் ஒட்டவில்லை என்று விட்டுவிடாதீர்கள். குழுவுக்குக் குழு சுபாவம் வேறு. இன்னும் சிலவற்றையும் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

கூட்டத்துக்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையடுத்து புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும் நிலையும் வரலாம். அது உயிரையே எடுக்கக்கூடும். ‘வைராக்கியமாக விட்டுவிடுகிறேன்’ என்று வீட்டில் பூட்டிக்கொள்ளவே கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸில் போதை நோய்களுக்கென்றே தனி மையம் இருக்கிறது. 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையும், மனநல உதவிக்கான டெலி மானஸின் 14416ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளையும் 10,000க்கு மேற்பட்டவர்களையும் உள்ளடக்கி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குடியை முழுதாக விட்டு நிற்பதில் ஏ.ஏ.யும் அதன் வழியில் அமைந்த சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ இருப்பதாகச் சொல்கிறது. ஆனால், 2019இல் வந்த எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது. மருந்து இல்லாமல் போனதைவிட, வழி தெரியாமல் போனவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

தங்கவயலுக்குக் கூடிப் பேசி மாறுவது புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இயங்கின. மது அருந்தாமை பௌத்தப் பஞ்சசீலத்தில் ஒன்று.

வீட்டிலுள்ள பெண்களுக்கு ஒரு வார்த்தை. குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தால் காத்திருக்காதீர்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்களும், வளரிளம் பிள்ளைகளுக்கு அலட்டீனும் இருக்கின்றன. முதலில் நீங்கள் போங்கள்.