ஓடினால் இறங்கும், நின்றால் ஏறும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது காலி வீதி நெரிசலில் நின்றால், காரின் வெப்ப முள் மேலே ஏறுகிறது. மரைன் டிரைவுக்குத் திரும்பிக் கொஞ்சம் ஓடவிட்டால் தானாக இறங்குகிறது. மூன்று கராஜில் காட்டிவிட்டேன். ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினார். இன்னொருவர் விலை கூடிய கூலன்ட் ஊற்றினார். மூன்றாமவர் ஹெட் கஸ்கட் போய்விட்டது என்கிறார். யாரை நம்புவது?"

முதலில் அந்த முள்ளை நம்புங்கள். ஓடும்போது இயந்திரம் எரிக்கும் பெற்றோலும் கூட, வெளிவிடும் வெப்பமும் கூட. அவ்வளவையும் ரேடியேட்டர் இறக்கிவிடுகிறது. நிற்கும்போது வரும் கொஞ்ச வெப்பத்தில் மட்டும் திணறுகிறது என்றால், தண்ணீர்ப் பாதையில் அடைப்பைத் தேடுவது வீண் அலைச்சல். ஐட்லிங்கில் வாட்டர் பம்ப் மெதுவாகச் சுற்றுவது உண்மைதான். ஆனால் அந்த அளவு வெப்பத்துக்கு அந்த ஓட்டமே தாராளம். ஓட்டத்தில் சும்மா கிடைத்து, நின்றதும் அற்றுப்போவது காற்று.

கணக்கும் அதையே சொல்கிறது. சிறிய பெற்றோல் கார் ஒன்று நின்றபடி மணிக்கு முக்கால் லீற்றருக்குக் கிட்ட எரிக்கும். அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு கூலன்டில் சேர்ந்தால் சுமார் இரண்டு கிலோவாட்: பொனட்டுக்குள் ஒரு மின்கேத்தல் ஓயாமல் கொதிக்கிற கணக்கு. ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பத்தைக் கொண்டு 3,500 லீற்றர் காற்றை ஒரு பாகை சூடாக்கலாம். அதனால்தான் நாலைந்து லீற்றர் தண்ணீர் காருக்குப் போதுமாக இருக்கிறது. காற்றோ செக்கனுக்கு நாற்பது ஐம்பது லீற்றர் ரேடியேட்டர்த் தகடுகளின் ஊடே புகுந்து வெளியேற வேண்டியிருக்கிறது.

கொதிக்கும் பிளேன்டீயைப் பீரிசில் ஊற்றி ஊதிக் குடிக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. தேநீரை மெல்லிதாகப் பரப்புகிற பீரிசு, அதன் தட்டைக் குழாய்கள். ஊதுவது ஃபேன். உதட்டைக் குவித்து ஊதினால் மூச்சு தேநீர் மேல் விழும். வாயைப் பிளந்து ஊதினால் நாலா பக்கமும் சிதறும். குவிந்த உதடு, ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவர். அது உடைந்தால் ஃபேன் தகடுகளின் ஊடே இழுக்காமல் பக்கத்து இடுக்குக் காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். இனி, உங்களுக்கும் பீரிசுக்கும் நடுவே கல்லிலிருந்து இறங்கிய ரொட்டியை நீட்டி, அதன் மேலாக ஊதுங்கள். மூச்சு தேநீரைத் தொடுமுன்பே சூடாகிவிடும். ஏ.சி. போட்ட காரில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர்தான் அந்த ரொட்டி. 32 பாகைக் கொழும்புக் காற்று அதைத் தாண்டி வரும்போது 40ஐக் கடந்திருக்கும். கடைசியாக, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு ஊதுங்கள். ஊதிய சூடே திரும்பி வரும். நின்ற காரிலும் பொனட்டுக்குள்ளிருந்து வெளியேறும் சூடான காற்று, பம்பருக்கு அடியால் முன்பக்கம் வந்து மறுபடி உள்ளே நுழைகிறது. இதைத் தடுக்கத்தான் அடியில் பிளாஸ்டிக் தட்டும் ஓரங்களில் ஸ்பொஞ்சுப் பட்டையும் வைத்திருக்கிறார்கள். சேர்விஸுக்கென்று கழற்றிய தட்டைத் திரும்பப் பூட்டினார்களா என்று குனிந்து பாருங்கள்.

வரலாறு இரண்டு வரியில் போதும். 1900இன் இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ், 8,070 சின்னஞ்சிறு குழாய்கள் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டரோடு வந்தது. மெதுவாகப் போகும்போது காற்று போதாது என்று அதற்குப் பின்னால் அன்றைக்கே ஒரு விசிறியை வைத்தார்கள்.

அந்த விசிறிக்கு வருவோம். கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜ் பாஸ், இதே நோயோடு வந்த பழைய ஜப்பான் கார் ஒன்றை ஐட்லிங்கில் விட்டு ஏ.சி.யைப் போட்டார். ஃபேன் சுற்றியது. சொந்தக்காரர் நிம்மதியானார். பாஸ் டாஷ்போர்டில் கிடந்த பழைய லொத்தர் சீட்டை எடுத்து, கிரில்லின் வழியே கண்டென்சரின் முகத்தில் வைத்து விரலை எடுத்தார். சீட்டு வழுக்கிக் கீழே விழுந்தது. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் பாதி வேகத்தில் சுற்றினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வேகம் பாதியானால் இழுக்கும் அழுத்தம் கால்வாசியாகிவிடும். புழுதியும் கடலுப்பும் அப்பிய தகடுகளின் ஊடே காற்றை இழுக்க அது போதாது. ஃபேன் சுற்றுகிறதா என்பதைவிட, இழுக்கிறதா என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

கழற்றி வீசிய தெர்மோஸ்டாட் இந்தக் கதையில் குற்றவாளியே இல்லை. 82 பாகையை ஒட்டித் திறக்கிற அது, முள் ஏறும்போது திறந்துதான் இருந்திருக்கும். திரும்பப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இயந்திரம் சரியான சூட்டுக்கே வராமல் தேயும். போத்தலில் "சூப்பர் கூல்" என்று எழுதியதைப் பார்த்துக் காசைக் கொட்ட வேண்டாம். கூலன்ட் அவசியம்தான், துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரைவிட அது சற்றுக் குறைவே. ஹெட் கஸ்கட் போன கார் ஓடினால் முள் இறங்குவதற்குப் பதில் ஏறும், தண்ணீரும் குறைந்துகொண்டே போகும். 2020 மார்ச்சில் இலங்கையில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழையதைக் கட்டிக்காத்த குடும்பங்களிடம் தேவையில்லாத இயந்திர வேலைக்குப் பணம் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

இயந்திரம் ஆறிய பிறகு தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். சூட்டில் மூடியைத் தொடவே கூடாது: உள்ளே அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். மட்டம் சரியாக இருந்தால் ஏ.சி.யைப் போட்டு, சீட்டை வையுங்கள். விழுந்தால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போகலாம். ஃபேனை எந்நேரமும் சுற்றும்படி "டைரக்ட்" பண்ணித் தருகிறோம் என்பவருக்குத் தலையாட்டாதீர்கள். தேய்ந்த மோட்டார் நாள் முழுக்கச் சுற்றினாலும் தேய்ந்த மோட்டார்தான்.

கொட்டாஞ்சேனைக் காருக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலிருந்து வேறு மோட்டார் வந்தது. தகடுகளைப் பின்பக்கமிருந்து மெல்லிய தண்ணீர்த் தாரையால் கழுவினார்கள். மண்ணிறமாக வழிந்து, கடைசியில் தெளிந்தது. பாஸ் அதே சீட்டை வைத்து விரலை எடுத்தார். படபடத்தபடி ஒட்டிக்கொண்டு நின்றது. இருபது நிமிடம் ஏ.சி.யோடு அப்படியே விட்டார்கள்; முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.